ஆகஸ்ட் மழையில் ஓர் இடி

உக்காருங்க தம்பி. துண்டை எடுத்துக்கறேன், ஆள் வரல. திருப்பூர் ஸ்டாண்டுல ஊட்டி வண்டிக்கு இடம் பிடிக்கறது உங்களுக்குத் தெரியாததா? ஜன்னல் வழியா துண்டை வீசி, ஒரு பெரியம்மாகிட்ட ரெண்டு பேச்சு வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் பிடிச்சேன். ஆள் வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை பாட்டுக்கு ரெண்டு பேருக்குத் துண்டைப் போட்டுருச்சு. நாப்பது வருஷமா ரெண்டு பேருக்கு இடம் பிடிச்ச கை, அது என்ன பண்ணும்.

யாருக்குன்னா, என் சம்சாரத்துக்குத்தான். மரகதம்னு பேரு. இங்க எங்க மக உமா வீட்டுல இருக்கறா. வந்து பதினேழு மாசம் ஆச்சுங்க. வீட்டுக்கு வான்னு கூப்பிட வந்தேன், இது ஏழாவது தடவை. இந்தத் தடவை வந்துருவான்னுதான் நினைச்சேன். பையெல்லாம் கட்டி வச்சுட்டாளுங்க தம்பி. சேலை நாலு, மாத்திரை டப்பா, பேத்தி வரைஞ்சு குடுத்த படம் ஒண்ணு, எல்லாம் அடுக்கியாச்சு. அப்புறம் வரலைன்னுட்டா. எதுக்குன்னு கேளுங்க. ஒரு நோட்டு, அதுல ஒரு கட்டம், அந்தக் கட்டத்துல ஒரு வார்த்தை. அதுக்காக ஒருத்தி பதினேழு மாசம் புருஷனை விட்டு இருப்பாளா? நான் முழுசாச் சொல்றேன், நீங்க நியாயம் சொல்லுங்க.

நீங்க எங்க, ஊட்டிக்கா? பனி பாக்கவா? அட, அதுக்குச் சரியான ஆள் பக்கத்துலதான் வந்து உக்காந்திருக்கீங்க. ஆனா ஒண்ணு, ஜன்னல்ல எட்டிப் பாக்கறீங்களே, அவிநாசி மேகத்தை வச்சு ஊட்டிப் பனியைச் சொல்ல முடியாது. ராத்திரி வானம் துடைச்சு வச்சாப்ல இருக்கணும். காத்து அசையக் கூடாது. மூணு நாளா மழை தூறி இருக்கக் கூடாது. இத்தனையும் ஒண்ணு சேந்தா விடியக்காத்தால பள்ளத்துப் புல்லு மேல உப்பைக் கொட்டி வச்ச மாதிரி வெளுத்துக் கிடக்கும். நாளைக்கு விழும். நான் சொல்றேன். மேட்டுல ரூம் போட்டுட்டு ஒம்போது மணிக்கு எந்திரிச்சு எங்கடா பனின்னு கேட்டா கிடைக்காது. ஏழு மணி வெயில் பட்டா எல்லாம் தண்ணி.

வானிலை ஆபீசர் எல்லாம் இல்லைங்க. அரசு உயர்நிலைப் பள்ளியில லேப் உதவியாளர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். பேரு பொன்னுரங்கம். பொறந்தது அன்னூர் பக்கம், வேலை கிடைச்சது மலை மேல. ஊட்டிக்கு மேற்கால ஒன்றரை மணி நேரம் போகணும், கோரைமட்டம்னு சின்ன ஊரு. ஸ்கூல்ல வேண்டாம்னு தள்ளின தெர்மாமீட்டர் ஒண்ணை எடுத்துட்டு வந்து வீட்டு வாசல்ல மாட்டினேன். அங்க பிடிச்சதுங்க கிறுக்கு. அப்புறம் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு மழைமானி வாங்கினேன். பச்சைக் கலர்ல, மேல புனல், உள்ள பாட்டில். மரகதம் ஒரு மோதிரம் கேட்டிருந்தா. மோதிரம் வரல, மானி வந்துச்சு. "மழையை அளந்து யாருக்குங்க போடப் போறீங்க"ன்னா. மூணு நாள் பேசல. நாலாவது நாள் மழை. நான் ஸ்கூலுக்குக் கிளம்பிட்டேன். அவளே அளந்து காலண்டர்ல எழுதி வச்சிருந்தா. அப்படிப்பட்டவங்க தம்பி அவ.

இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் விட்டதில்லை. உமா பொறந்தப்ப கிறுக்கு இல்லை, உமாவுக்குப் பொண்ணு பொறந்தப்ப இருந்துச்சு, அன்னைக்கும் விடல. என் கண்ணு ஆப்பரேஷனுக்கும் விடல. நான் ஊர்ல இல்லைன்னா மரகதம் எடுப்பா. நோட்டுல ஆறு கட்டம். தேதி, மழை, கூடின வெப்பம், குறைஞ்ச வெப்பம், காத்து, கடைசியில குறிப்பு. குறிப்புல எல்லாம் எழுதுவேன். ஆலங்கட்டி நெல்லிக்காய் அளவு. மின்னல் தாக்கி போஸ்ட்மேன் மாடு செத்துச்சு. பஸ் ஸ்டாப் மரம் சாய்ஞ்சுது. எது நடந்தாலும் அந்த நேரத்தோட இருக்கும்.

நேரம்தான் முக்கியம். மழைக் கணக்கு காலையில எட்டரைக்கு. நேத்து எட்டரையில இருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் பெஞ்சதுதான் இன்னைக்கு மழை. நாடு முச்சூடும் அப்படித்தான். எட்டு மணிக்கு எடுத்தா அது எட்டு மணி மழை, யாரோடயும் ஒப்பிட முடியாது. சும்மா தண்ணி. இதை நான் மரகதத்துக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். அவளும் பிசகினதில்லை. எட்டு இருபத்தஞ்சுக்கே குடையைப் பிடிச்சுக்கிட்டு ரேடியோ மணி பாத்துட்டு நிப்பா.

பனி பத்திச் சொல்லிட்டு இருந்தேன். எங்களுக்குப் பக்கத்து வீட்டுல ஒரு அம்மா. எஸ்டேட்ல கொழுந்து எடுக்கறது. வீட்டுக்காரர் இல்லை, ஒரே மக, கூடலூர்ல கட்டிக்குடுத்தாச்சு. பள்ளத்துல முப்பது சென்ட் குத்தகைக்கு எடுத்து கேரட் போட்டிருந்துச்சு. ஒரு ஜனவரி, சாயங்காலம் நாலு மணிக்கு நான் போய்ச் சொன்னேன், இன்னைக்கு ராத்திரி பனி விழும், வெயில் படறதுக்கு முந்தி இலையில தண்ணி தெளிச்சு பனியைக் கழுவி விட்ருங்கன்னு. சுத்துப்பட்டு ஆளுக எல்லாம் சிரிச்சாங்க. பகல்ல அப்படி ஒரு வெயில். அந்தம்மா மட்டும் சிரிக்கல. நானும் மரகதமும் அந்தம்மாவும் விடியறதுக்கு முந்தி பள்ளத்துல எறங்கி, பூவாளியில தெளிச்சோம். விரல் எல்லாம் மரத்துப் போச்சு. ஏழரைக்குப் பாத்தா, பக்கத்துத் தோட்டம் எல்லாம் வெந்நீர் ஊத்தினாப்ல கருகிக் கிடக்குது, இந்தம்மா கேரட்டு பச்சுனு நிக்குது.

அன்னையில இருந்து எனக்கு ஊர்ல "பனி வாத்தியார்"னு பேரு. லேப் உதவியாளரை வாத்தியார் ஆக்கினது அந்தப் பனிதான். அந்தம்மாவுக்கு என் பேச்சுன்னா வேதவாக்கு. "சார் சொன்னா விழும், சார் சொன்னா நிக்கும்" அப்படிம்பாங்க. கல்யாணப் பத்திரிகை குடுக்க வர்றவங்ககிட்டகூட, "சார்கிட்ட தேதியைக் கேட்டுட்டு அடிச்சீங்களா"ன்னு கேக்கும். தினம் ராத்திரி ஒரு எவர்சில்வர் தட்டுல தண்ணி ஊத்தி புல்லு மேல வச்சு, காலையில ஐஸ் பிடிச்சிருந்தா தட்டோட கொண்டாந்து காட்டும். "இந்தாங்க சார், உங்க பலகாரம்." அந்தம்மாவும் மரகதமும் சேந்து சிரிப்பாங்க. மரகதத்துக்கு அந்தம்மாதான் எல்லாம். உமா கல்யாணம் ஆகிப் போனப்புறம் இவளுக்கு வேற யாரு இருக்கா. நான் இருக்கேன், இல்லைங்கல.

இப்ப நியாயத்துக்கு வர்றேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்ட். நான் போன்ல "மேகக்கூட்டம்"னு ஒரு குரூப் வச்சிருந்தேன். முந்நூத்தி நாப்பது பேரு. எல்லாம் மலைக்காரங்க, விவசாயி, டிரைவர், மளிகைக்கடை. புதன்கிழமையே சொல்லிட்டேன், சனி ஞாயிறு மழை சாதாரணமா இருக்காதுன்னு. நான் சொன்ன மழை நான் சொன்ன நாள்ல வந்துச்சுங்க தம்பி. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல மழை ஆர்வலர் கூட்டம். எங்கள மாதிரி கிறுக்கனுக எல்லாம் சேர்றது. எனக்கு ஒரு கேடயம் குடுக்கறதா சொல்லியிருந்தாங்க. அதனால சனிக்கிழமையே எறங்கிட்டேன். பெரிய மழை வருதுன்னு தெரிஞ்சே எதுக்குப் போனேன்னு உமா கேக்கறா. மழையை விட்டுட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா? பெத்த பிள்ளை கல்யாணத்துக்கு இல்லாம போற மாதிரி இருந்துச்சு. ஆனா மரகதம் இருக்கா. என்னைவிட நல்லா அளப்பா. அந்தத் தைரியத்துல போனேன்.

ராத்திரியெல்லாம் ஊத்தியிருக்குது. பாட்டில் ரொம்பறதுக்குள்ள எடுத்துக் கொட்டி எழுதிக்கணும், இல்லைன்னா வழிஞ்சு கணக்கு கெட்டுரும். அவ தூங்காம ரெண்டு தடவை எடுத்திருக்கா. காலையில ஆறு மணிக்குப் போன்ல சொன்னா, அது வரைக்கும் இருநூத்தித் தொண்ணூத்தி நாலு மில்லிமீட்டர். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. லாட்ஜ் ரூம்ல எந்திரிச்சு நின்னுட்டேன். உடனே குரூப்ல பேசிப் போட்டேன். சரிவுல இருக்கற எல்லாரும் இப்பவே எந்திரிச்சு ஸ்கூல் கட்டடத்துக்குப் போங்க, சாமான் சட்டுனு பாக்காதீங்க, உசுருதான் முக்கியம்னு. அந்தப் பேச்சை இன்னும் போன்ல வச்சிருக்கேன், வேணும்னா கேளுங்க. எங்க ஊர்ல சரிவுல பதினோரு வீடு. அதைக் கேட்டுட்டுத்தான் பதினோரு வீடும் கிளம்புச்சு.

ஏழேகாலுக்கு மரகதம் கூப்பிட்டா. "ஏனுங்க, எல்லாரும் ஸ்கூலுக்குப் போறாங்க. நானும் போகட்டுங்களா? பின்னாடி மேட்டுல இருந்து செம்மண் தண்ணியா வருதுங்க"ன்னா. நான் சொன்னேன், "ஒன்னேகால் மணி நேரந்தானே. எட்டரைக்கு எடுத்துட்டு அப்படியே போயிரு"ன்னு.

என்னங்க தம்பி பாக்கறீங்க? உமாவும் இப்படித்தான் பாத்தா. "ஊருக்கெல்லாம் போங்கன்னு சொன்னீங்க, அம்மாவை இருன்னு சொன்னீங்களே"ன்னு. அது வேறங்க. அவங்க ஜனங்க. இவ அப்சர்வர். கப்பல்ல எல்லாரையும் எறக்கிவிட்டுட்டுத்தானே கேப்டன் எறங்குவான். இருபத்திரண்டு வருஷத்துல வராத மழை. ஏழேகாலோட நிறுத்தினா அந்த மழையே இல்லைன்னு ஆயிரும். அவளும் எதுத்துப் பேசலைங்க. "சரிங்க"ன்னா. அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டம்மா மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயாச்சு. போய் உக்காந்தாச்சு. அங்க பாத்தா மரகதத்தைக் காணோம். அக்கா தனியா இருக்குமேன்னு மூட்டையை அங்க வச்சுட்டுத் திரும்பி வந்துருச்சு. யாரும் கூப்பிடல. நான் கூப்பிடல, மரகதமும் கூப்பிடல. அதை நீங்க கவனிக்கணும்.

எட்டரைக்கு ரெண்டு பேரும் பின்கட்டுல மானிகிட்ட போயிருக்காங்க. அந்தம்மா குடை பிடிச்சுருக்குது, இவ ஜாடியில ஊத்தி அளந்திருக்கா. அந்தம்மாதான் எண்ணிக்கை சொல்லியிருக்குது. ஜாடிக்கு இருபது மில்லிமீட்டர்; அஞ்சு ஜாடி முழுசு, ஆறாவது ஜாடி பதினெட்டு. நூத்திப் பதினெட்டு. ஆறு மணிக்குச் சொன்னதோட சேத்தா மொத்தம் நானூத்திப் பன்னெண்டு. தம்பி, நானூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டர்! ஒரே நாள்ல! உங்க ஊர்ல ஒரு மழைக்காலம் பூராம் பெய்யறது.

பின்கட்டுல சிக்னல் கிடைக்காது. மரகதம் முன்வாசலுக்கு வந்து எனக்குப் போன் போட்டா. "நானூத்திப் பன்னெண்டுங்க"ன்னா. இன்னொருக்கா சொல்லு, இன்னொருக்கா சொல்லுன்னு மூணு தடவை சொல்ல வச்சேன். லாட்ஜ்காரன் கதவைத் தட்டி என்ன சார்னு கேட்டான், அப்படிக் கத்தியிருக்கேன். அப்புறம் கேட்டேன், "பாட்டிலைக் கழுவித் திருப்பி உள்ள வச்சாச்சா? எட்டரையில இருந்து அடுத்த நாள் கணக்கு ஓடுது"ன்னு. "ஐயோ, வைக்கலைங்க, நம்பரைச் சொல்ற அவசரத்துல வந்துட்டேன்"னா. போனைக் காதுல வச்சுக்கிட்டே பின்னாடி பாத்துச் சத்தம் போட்டா, "பாட்டிலை உள்ள வச்சுட்டு வந்துரு, கிளம்பலாம்"னு. உள்ள இருந்து "சரிக்கா"ன்னு கேட்டுச்சு. எனக்கே கேட்டுச்சு.

அப்பத்தான் அந்தச் சத்தம். போன்ல. நீளமா, கீழ்ஸ்தாயியில, உருண்டு உருண்டு. லைன் கட் ஆயிருச்சு.

இடின்னு நினைச்சேன்.

ஆகஸ்ட் மழைக்கு மலை மேல இடி இடிக்காதுங்க தம்பி. இடி எல்லாம் ஏப்ரல் மே, இல்லைன்னா ஐப்பசி. தென்மேற்கு மழை வாயைத் திறக்காம பெய்யும். இருபத்திரண்டு வருஷத்துல ஆகஸ்ட்ல ஒரு இடிகூட நான் எழுதினதில்லை. அதனால எனக்கு ஒரே பரபரப்பு. அபூர்வமாச்சே! மணி பாத்தேன், சட்டைப்பையில இருந்து டைரியை எடுத்து எழுதினேன். காலை எட்டு நாப்பத்தேழு, இடி. மரகதத்துக்குத் திருப்பிப் போட்டா எடுக்கல. டவர் போயிருக்கும்னு நினைச்சேன். அந்த மழைக்கு டவர் நின்னாத்தானே அதிசயம்.

பதினோரு மணிக்குக் கூட்டத்துல எந்திரிச்சு சொன்னேன். நானூத்திப் பன்னெண்டு, அதோட ஆகஸ்ட்ல இடின்னு. அத்தனை பேரும் கை தட்டினாங்க. கேடயம் குடுத்தாங்க. சாப்பாடு போட்டாங்க. ரெண்டு மணிக்கு பாயசம் குடிச்சுட்டு இருக்கறப்ப எங்க ஊர் டிரைவர் பையன் குரூப்ல படம் போட்டான். எங்க வீட்டுப் பின்கட்டு இல்லை. சமையல்கட்டுல பாதி இல்லை. மானி இருந்த இடத்துல செம்மண்ணு, ஒரு லாரி உசரத்துக்கு. மரகதம் நல்லாயிருக்கா, முன்வாசல்ல நின்னதால தப்பிச்சுட்டான்னு எழுதியிருந்தான். அப்புறம் பக்கத்து வீட்டம்மாவைத் தேடிட்டு இருக்காங்கன்னும் எழுதியிருந்தான்.

ரோடு எல்லாம் துண்டாப் போச்சு. பால் வண்டி, ஜீப்பு, அப்புறம் நடை. மறுநாள் மத்தியானம் போய்ச் சேந்தேன். ஸ்கூல்ல ஒரு பெஞ்சுல போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கா. நகத்துல எல்லாம் மண்ணு. ரத்தம் கட்டியிருக்கு. கையால பறிச்சிருக்கா. ஆளுக வந்து இழுத்துட்டுப் போற வரைக்கும் பறிச்சிருக்கா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சா. நான் கேட்டேன், "மானி கிடைச்சுதா?"

வாயில அதுதான் வந்துச்சுங்க. கெட்ட எண்ணம் இல்லை. அவகிட்ட நான் காலங்காலமா முதல்ல கேக்கறது அதுதானே. ஊருக்குப் போயிட்டு எப்ப வந்தாலும், செருப்பைக் கழட்டறதுக்கு முந்தி, மானி என்ன சொல்லுதுன்னுதான் கேப்பேன். பழக்கம். அவ திரும்ப உக்காந்துட்டா.

சாயங்காலம் அந்தம்மாவை எடுத்தாங்க. நான் கிட்டப் போகல. கண்ணு ஆப்பரேஷன் பண்ணின ஆள், சேத்துல கூட்டத்துல எதுக்குன்னு தள்ளி நின்னுட்டேன்.

கூடலூர் மக வந்து, காரியமெல்லாம் ஆச்சு. பதினாறு நாள் மரகதம் அந்தம்மா வீட்டுலயே கிடந்தா. அதுக்குள்ள நான் டைரியைப் பாத்து நோட்டுல ஏத்தி எழுதிட்டேன். மழை நானூத்திப் பன்னெண்டு. குறிப்பு: இதுவரை பதிவானதில் அதிகம். காலை 8.47 இடி. மானி சேதம். சுருக்கமா, சுத்தமா. பதினேழாம் நாள் அவ வந்து நோட்டை எடுத்துப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "இடியா?"ன்னா.

"எனக்குக் கேட்டது இடி. கேட்டதைத்தான் எழுத முடியும்"னேன். அது சட்டம் தம்பி. அப்சர்வர் அந்த நேரத்துல என்ன பாத்தானோ, என்ன கேட்டானோ, அதுதான் பதிவு. பின்னாடி தெரிய வந்ததை வச்சுத் திருத்த ஆரம்பிச்சா எந்த நோட்டு நிக்கும்?

"போஸ்ட்மேன் மாடு செத்ததை எழுதியிருக்கீங்க"ன்னா.  அன்னைக்கே உமாவை வரச்சொல்லிக் கிளம்பிட்டா. போறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னா. "அது இடி இல்லைன்னு என்னைக்கு எழுதறீங்களோ அன்னைக்கு வர்றேன்."

ஆறு தடவை வந்து கூப்பிட்டிருக்கேன். தீபாவளிக்கு வந்தேன், பொங்கலுக்கு வந்தேன், எனக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லிக்கூட வந்தேன். காப்பி குடுப்பா, துணி துவைச்சுக் குடுப்பா, இது மட்டும் முடியாதும்பா. நானும் மாத்தலைங்க. இருபத்திரண்டு வருஷத்துல என் நோட்டுல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதை மாத்தினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அது இடி இல்லைன்னா அது என்ன? அப்ப நான் என்னத்தைக் கேட்டுட்டு சந்தோசமா மணி பாத்தேன்? என்னத்துக்குக் கை தட்டினாங்க?

சரி விடுங்க. அன்னூர் வந்துருச்சா? ம்.

போன வாரம் உமா போன் பண்ணினா. "அம்மா நோட்டை எடுத்துட்டு வரச் சொல்றாங்கப்பா"ன்னா. மனசு இறங்கிட்டான்னு நினைச்சேன். புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்தேன். வந்தா பையெல்லாம் கட்டி ரெடியா இருக்குது. பேத்தி பக்கத்துல உக்காந்து கலர் அடிச்சுட்டு இருந்துச்சு. மரகதம் நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தேடக்கூட இல்லை, எடுத்த எடுப்புல திறந்தா. பேத்தி கையில இருந்த பச்சைப் பேனாவை வாங்கி எழுதிட்டா. என் நோட்டுல! என் முன்னாடியே! நான் கையைப் பிடிக்கறதுக்குள்ள முடிஞ்சுது.

அப்புறம் நோட்டை என் மடியில வச்சு, "படிங்க"ன்னா. "சத்தமாப் படிங்க. படிச்சீங்கன்னா இந்த நிமிசமே வர்றேன்."

அவ்வளவுதாங்க கேட்டது. ஒரு வார்த்தை. கண்ணாடி பஸ்ல விட்டுட்டேன்னு சொன்னேன். கண்ணாடி மூக்குல இருக்குது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னேன். எந்த பஸ்ஸுக்கு?  அவ பத்து நிமிசம் நின்னு பாத்தா. அப்புறம் பையைத் திறந்து ஒவ்வொரு சேலையா எடுத்து பீரோவுல வச்சா. நாலாவது சேலை வைக்கற வரைக்கும் நானும் வாயைத் திறந்து திறந்து பாக்கறேன், காத்துதான் வருது. ஊர்ல இருக்கறப்ப ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிட்ட பேருதான். மண்ணு சரிஞ்ச அன்னையில இருந்து ஒரு தடவை என் வாயில வரலைங்க. யார்கிட்டச் சொன்னாலும் பக்கத்து வீட்டம்மா, பக்கத்து வீட்டம்மா. உங்ககிட்டயும் அப்படித்தானே சொல்லிட்டு வந்தேன்.

இந்தாங்க, நீங்க படிங்க. இந்தப் பக்கம்தான். பச்சை மை.

ஒரு நிமிசம், படிக்கறதுக்கு முந்தி இதைப் பாருங்க. எப்படி அடிச்சிருக்கான்னு பாருங்க. கிறுக்கித் தள்ளல. ஒரே கோடு, அடியில இருக்கற "இடி" தெரியற மாதிரி. மேல சரியானதை எழுதி, ஓரத்துல "ம"ன்னு கையெழுத்து. பதிவுல தப்பு இருந்தா இப்படித்தான் திருத்தணும். நான்தான் சொல்லிக் குடுத்தேன். நேரத்தைத் தொடவே இல்லை பாத்தீங்களா? எட்டு நாப்பத்தேழு அப்படியே இருக்குது. நேரம் சரின்னு அவளுக்குத் தெரியும்.

படிங்க தம்பி. சத்தமா.

ம்.

இன்னொருக்கா.

அருளாயி. ஆமாங்க, அருளாயி. காலை எட்டு நாப்பத்தேழு, அருளாயி. வந்துருச்சு தம்பி. உங்ககிட்ட வருது பாருங்க. அங்க அவ முன்னாடி நின்னுட்டு இருந்தாளே, அப்ப வரலையே.